‘ஹேண்ட்’ என்னும் சொல்லைக் கையாளுவது எப்படி?

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘ஹேண்ட்’ என்றால் கை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். அதோடு அந்தச் சொல்லின் கதை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். பல மாதங்கள் கழித்து, மின்னஞ்சல் ஒன்றில் ‘தி மேட்டர் இஸ் இன் ஹேண்ட்’ என்றும், இன்னொன்றில் ‘தி மேட்டர் இஸ் இன் யுவர் ஹேண்ட்ஸ்’ என்றும் வரும்போதுதான் சிக்கல் தெரிகிறது. முதல் வாக்கியத்துக்கு, அந்த வேலையை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று பொருள். இரண்டாவது வாக்கியத்துக்கு, அந்த வேலை இனி உங்கள் பொறுப்பு என்று பொருள். ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால், செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டுவிடுவோம்.

‘ஹேண்ட்’ போன்ற சொல்லுக்கு அகராதிகள் பக்கக்கணக்கில் பொருள் தருகின்றன. அவற்றை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்யத் தொடங்கினால் மூன்றாம் நாளே சலித்துவிடும். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் எந்தச் சிறு சொல் நிற்கிறது, அது ஒருமையில் வருகிறதா பன்மையில் வருகிறதா என்று பார்க்கப் பழகுவதே எனக்குப் பயன்பட்ட வழி. அந்த வழியில் செல்வதற்கான படிகளைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எல்லையை அறிந்துகொள்ளுங்கள்

தமிழில் தோளில் தொடங்கி விரல் நுனி வரையுள்ள முழு உறுப்புக்கும் கை என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்திலோ மணிக்கட்டு ஒரு வேலியாக நிற்கிறது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை உள்ளது ‘ஆர்ம்’. மணிக்கட்டுக்கு அப்பால் விரல்கள் வரை உள்ளதுதான் ‘ஹேண்ட்’. மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளையும் கணக்கில் சேர்த்து, ஒரு ‘ஹேண்ட்’டில் 27 எலும்புகள் இருப்பதாக உடற்கூற்றியல் சொல்கிறது, அன்றாடப் பேச்சில் இவ்வளவு கறாரான எல்லை தேவையில்லை.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எலும்பு முறிந்த உறவினர் ஒருவருக்காக நான் எழுதிய விண்ணப்பத்தில் ‘புரோக்கன் ஹேண்ட்’ என்று குறிப்பிட்டுவிட்டேன். மருத்துவச் சான்றிதழில் ‘ஃபோர்ஆர்ம்’ என்று இருந்ததால், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியதுதான் பிழைக்குக் காரணம்.

ஆகவே ‘கை’ என்று மனத்தில் தோன்றும்போதெல்லாம் அது எந்தக் கை என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை ஆங்கிலத்தில் ‘பேப் இன் ஆர்ம்ஸ்’; குழந்தையைத் தாங்குவது முழுக் கை என்பதால் அங்கே ‘ஆர்ம்’ வருகிறது. மார்பின் குறுக்கே கைகட்டி நிற்பதற்கும் ‘ஆர்ம்ஸ்’ என்றே சொல்ல வேண்டும். இருவர் விரல்களைக் கோத்துக்கொண்டு நடந்தால் ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’, முழங்கையோடு முழங்கை சேர்த்து நடந்தால் ‘ஆர்ம் இன் ஆர்ம்’. வகுப்பில் கை தூக்கும்போது தோளிலிருந்து முழு உறுப்பும் அசைந்தாலும், கண்ணுக்குத் தெரிய வேண்டியது உள்ளங்கையே என்பதால் அது ‘ரைஸ் யுவர் ஹேண்ட்’ ஆகிறது. நாற்காலியின் கை ‘ஆர்ம்’, சட்டையின் கை ‘ஸ்லீவ்’. நாம் பேச்சுவழக்கில் சொல்லும் ‘ஃபுல் ஹேண்ட் சட்டை’ ஆங்கிலம் பேசும் வெளியாருக்குப் புரியாது.

இரண்டாம் படி: பெயர்ச்சொல்லின் கிளைகளைப் பாருங்கள்

மரபுத்தொடர்களுக்குப் போகுமுன், ‘ஹேண்ட்’ தனியாக நின்று தரும் பிற பொருள்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பல தொடர்கள் இந்தப் பொருள்களிலிருந்து கிளைத்தவை.

கடிகாரத்தில் நாம் முள் என்று சொல்வது ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’. நம் கண்ணுக்கு அதன் கூர்மை பட்டது, அவர்கள் கண்ணுக்கு அது எண்ணைச் சுட்டிக்காட்டும் செயல் பட்டது. நொடி முள் ‘செகண்ட் ஹேண்ட்’ ஆகும். பழைய பொருளைக் குறிக்கும் ‘செகண்ட்-ஹேண்ட்’ முற்றிலும் வேறு. ஏற்கெனவே ஒரு கைக்குச் சென்று, இரண்டாவது கைக்கு வந்த பொருள் என்பதால் பின்னது அந்தப் பெயரைப் பெற்றது. நொடிக்கு ‘செகண்ட்’ என்ற பெயர் வந்த கதை வேறு. மணியை முதல்முறை சிறு கூறுகளாகப் பிரித்தபோது நிமிடமும், அதை இரண்டாம் முறை பிரித்தபோது நொடியும் கிடைத்தன. லத்தீனில் அதை ‘இரண்டாவது சிறு கூறு’ என்று சொன்னதிலிருந்து அந்தப் பெயர் வந்தது. செய்தியைப் பற்றிப் பேசும்போது ‘ஃபர்ஸ்ட்-ஹேண்ட்’ என்றால் நேரில் கண்டறிந்தது, ‘செகண்ட்-ஹேண்ட்’ என்றால் பிறர் வாய்வழிக் கேட்டது.

உழைப்பவரும் ‘ஹேண்ட்’தான். ‘ஃபார்ம்ஹேண்ட்’ பண்ணையாள், ‘டெக்ஹேண்ட்’ கப்பல் தளத்துப் பணியாளர். வேலைக்கு ஒரு கை குறைகிறது என்று நாமும் சொல்வதால் இந்தப் பொருள் எளிதில் மனத்தில் பதியும். ‘ஆன் ஓல்ட் ஹேண்ட்’ என்றால் பழம் தின்று கொட்டை போட்டவர். அதில் வயதைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. நிறுவனங்களில் எல்லோரையும் கூட்டி நடத்தும் ‘ஆல் ஹேண்ட்ஸ் மீட்டிங்’ கப்பல் வழக்கிலிருந்து வந்தது. ஆபத்து வந்தால் எல்லாப் பணியாளரும் மேல்தளத்துக்கு வருக என்பதே ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்ற ஆணை.

சீட்டாட்டத்தில் ஒருவருக்குப் பிரித்துத் தரப்பட்ட சீட்டுகளின் தொகுப்பு ‘ஹேண்ட்’. இதை அறிந்துகொண்டால் பேச்சுவார்த்தை, அரசியல், வணிகம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு குடும்பமே விளங்கிவிடும். ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்றால் மறைத்து வைத்திருந்த திட்டத்தை வெளிக்காட்டிவிடுவது. ‘ஓவர்பிளே யுவர் ஹேண்ட்’ என்றால் இருக்கும் பலத்துக்கு மிஞ்சி ஆடிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது. ‘ஃபோர்ஸ் சம்ஒன்ஸ் ஹேண்ட்’ என்றால் ஒருவர் தயாராகும் முன்பே அவரை முடிவெடுக்க நெருக்குவது. இவற்றில் உடல் உறுப்பைத் தேடினால் பொருள் அகப்படாது.

குதிரையின் உயரத்தை அளப்பதற்கும் ‘ஹேண்ட்’ ஓர் அலகு. ஒரு ‘ஹேண்ட்’ என்பது 4 அங்குலம், அதாவது 10.16 சென்டிமீட்டர். தரையிலிருந்து குதிரையின் கழுத்து முதுகோடு சேரும் மேடு வரை அளப்பார்கள். 15.2 என்று எழுதியிருந்தால் அதைத் தசமமாகப் படிக்கக் கூடாது. அது 15 ‘ஹேண்ட்’டும் 2 அங்குலமும் சேர்ந்த 62 அங்குலம். குதிரையோடு பழக்கமில்லாதவர்கள் இதை மறந்தாலும் குறையில்லை.

ஒருவரின் கையெழுத்து அழகையும் ‘எ நீட் ஹேண்ட்’ என்று சொல்வதுண்டு, ஆனால் அது இப்போது பழைய நடை. கைதட்டலுக்கும் ‘ஹேண்ட்’ உண்டு. அதை நான்காம் படியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: வினையாக வரும்போது பின்னால் வரும் சொல்லைக் கவனியுங்கள்

‘ஹேண்ட்’ வினையாகவும் வரும். ‘ஹேண்ட் மீ தி கீ’ என்றால் சாவியை என் கையில் எடுத்துக் கொடு என்று பொருள். ‘கிவ்’ என்பதற்கும் இதற்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. அறிவுரையை, நேரத்தை, வாக்குறுதியைக் கொடுப்பது ‘கிவ்’. ‘ஹேண்ட்’ என்றால் பெரும்பாலும் கையிலிருந்து கைக்குப் போகும் பொருள் ஒன்று இருக்க வேண்டும்.

இந்த வினைக்குப் பின் வரும் சிறு சொல், பொருள் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்லும். ‘ஹேண்ட் இன்’ என்றால் மேலிடத்தில் சமர்ப்பிப்பது: வீட்டுப்பாடம், விண்ணப்பம், பணிவிலகல் கடிதம் எல்லாம் இதில் அடங்கும். ‘ஹேண்ட் அவுட்’ என்றால் பலருக்கு விநியோகிப்பது. ‘ஹேண்ட் ஓவர்’ என்றால் பொறுப்பையோ கட்டுப்பாட்டையோ ஒப்படைப்பது. விடுப்பில் செல்பவர் தன் வேலைகளைச் சக ஊழியரிடம் ஒப்படைப்பதும், பிடிபட்டவரைக் காவலரிடம் ஒப்படைப்பதும் இதுவே. ‘ஹேண்ட் டவுன்’ மேலிருந்து கீழே வருவது. தாத்தாவின் கடிகாரம் பேரனுக்கு வருவதற்கும் நீதிமன்றம் தீர்ப்பு வழங்குவதற்கும் ஒரே தொடர் பொருந்துகிறது. அண்ணனுக்குச் சிறிதாகிப்போன சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டால் அது ‘ஹேண்ட்-மி-டவுன்’.

இந்தக் கூட்டத்தில் ஒன்றே ஒன்று பிரித்துப் பார்த்தால் புரியாதது. ‘ஐ ஹேவ் டு ஹேண்ட் இட் டு யூ’ என்று ஒருவர் சொன்னால் எதையும் உங்களிடம் தரப்போவதில்லை. உங்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை என்கிறார். பெரும்பாலும் கொஞ்சம் தயக்கத்தோடு, எதிராளியின் திறமையை ஒப்புக்கொள்ளும்போது வருவது இது.

நான்காம் படி: முன்னால் நிற்கும் சிறு சொல், ஒருமை, பன்மை

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இங்கே தெளிவு வந்தால், முன்பின் பார்த்திராத தொடர்களையும் ஓரளவு ஊகிக்க முடியும்.

முதலில் ஒரு பொது விதி. ‘ஹேண்ட்’ ஒருமையில், ‘எ’, ‘தி’, ‘மை’ போன்ற எதுவும் முன்னால் இல்லாமல் வெறுமையாக நின்றால், அது பெரும்பாலும் ஒரு நிலைமையைச் சொல்கிறது. ‘மை’, ‘யுவர்’, ‘ஹிஸ்’ என்று உடைமைச் சொல்லோடு பன்மையில் வந்தால், அது பெரும்பாலும் யாருடைய பொறுப்பு, யாருடைய சுமை, யாருடைய அதிகாரம் என்பதைச் சொல்கிறது. எந்த இலக்கண நூலிலும் இதை நான் விதியாகப் படித்ததில்லை. பல வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது. விலக்குகள் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் ‘கைமீறிவிட்டது’. கூட்டத்தில் கூச்சல் குழப்பம் முற்றி அடக்க முடியாமல் போனாலும் நிலைமை கைமீறிவிட்டது என்கிறோம். ஒரு கோப்பு மேலதிகாரிக்குப் போய்விட்டதால் நாம் இனி எதுவும் செய்ய முடியாது என்றாலும் விஷயம் என் கைமீறிவிட்டது என்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. முதலாவது ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’, அதாவது கட்டுக்கடங்காத நிலை. இரண்டாவது ‘அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்’, அதாவது என் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது. இவற்றை மாற்றிச் சொன்னால், அமைதியாக நடந்துகொண்டிருக்கும் வேலையைக் கலவரம் என்று சொன்னதாகிவிடும். ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ தொடருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு கோரிக்கையை ‘ரிஜெக்ட் அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்றால், பரிசீலிக்காமலேயே எடுத்த எடுப்பில் தள்ளிவிட்டார்கள் என்று பொருள்.

‘ஆன் ஹேண்ட்’ என்றால் தயாராக இருப்பது. சரக்கு கையிருப்பில் இருந்தாலும், அழைத்தவுடன் வர மருத்துவர் ஒருவர் அருகிலேயே இருந்தாலும் இதைச் சொல்லலாம். ‘ஆன் மை ஹேண்ட்ஸ்’ என்றால் என் தலையில் விழுந்திருப்பது: ஒரு சிக்கலோ, கவனிக்க வேண்டிய நோயாளியோ, எப்படிக் கழிப்பது என்று தெரியாத ஓய்வு நேரமோ. நாம் சுமையைத் தலையில் வைக்கிறோம், ஆங்கிலம் கையில் வைக்கிறது. அந்தச் சுமை இறங்கிவிட்டால் ‘ஆஃப் மை ஹேண்ட்ஸ்’. இதே ‘ஆஃப்’ ஒருமையோடு சேர்ந்து ‘ஆஃப்ஹேண்ட்’ ஆனால், குறிப்பேட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து உடனே சொல்வது என்று பொருள். ஒருவருடைய நடத்தையைப் பற்றிச் சொன்னால் அலட்சியமான நடத்தை என்றும் ஆகும்.

‘அட் ஹேண்ட்’ என்றால் இடத்திலோ காலத்திலோ அருகில் இருப்பது. உதவி நெருங்கிவிட்டது, தேர்வு நெருங்கிவிட்டது என்பதற்கெல்லாம் வரும். ‘அட் தி ஹேண்ட்ஸ் ஆஃப்’ என்று நீண்டால் நிலைமை தலைகீழாகிறது: யாரோ ஒருவரால் பட்ட துன்பத்தையோ தோல்வியையோ சொல்ல அது வரும். அவரால் நன்மை கிடைத்தது என்று சொல்ல அதைப் பயன்படுத்தினால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். பிரிட்டனில் ‘டு ஹேண்ட்’ என்றும் சொல்வார்கள்; தேடாமல் எடுக்கக்கூடிய தூரத்தில், கைக்கெட்டும் இடத்தில் என்பது அதன் பொருள்.

‘பை ஹேண்ட்’ என்றால் இயந்திரம் இல்லாமல் கையால் செய்தது, அல்லது அஞ்சலில் வராமல் நேரில் வந்து சேர்ந்தது. இடையில் ஒரு ‘தி’ நுழைந்து ‘பை தி ஹேண்ட்’ ஆனால், ஒருவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வது. மூன்றெழுத்துச் சொல் ஒன்று இவ்வளவு வேலை செய்கிறது.

‘இன் ஹேண்ட்’ தொடருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. கவனிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்தோம். மிச்சம் இருப்பதையும் அது குறிக்கும். கால்பந்துச் செய்திகளில் ஓர் அணிக்கு ‘எ கேம் இன் ஹேண்ட்’ இருக்கிறது என்றால், போட்டியாளரைவிட ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறது, அது இன்னும் பாக்கி என்று பொருள். ‘டேக் இன் ஹேண்ட்’ என்றால் ஒருவரையோ ஒன்றையோ பொறுப்பேற்றுச் சீர்படுத்துவது.

‘எ’ முன்னால் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். ‘கிவ் மீ எ ஹேண்ட்’ என்றால் எனக்கு உதவி செய். ‘லெண்ட்’ என்ற வினையோடு வந்தாலும் அதே பொருள்தான். நடுவில் ‘பிக்’ சேர்ந்து ‘கிவ் ஹர் எ பிக் ஹேண்ட்’ ஆனால் பலத்த கரவொலி எழுப்புங்கள் என்று பொருள் மாறிவிடும். பெரிய உதவி கேட்கிறோம் என்று நினைத்து ‘பிக்’ சேர்த்துவிடாதீர்கள். ‘ஹேவ் எ ஹேண்ட் இன்’ என்றால் ஒரு காரியத்தில் பங்கு இருப்பது. இது நற்செயலுக்கும் சதிக்கும் பொருந்தும். ‘ட்ரை யுவர் ஹேண்ட் அட்’ என்றால் புதிதாக ஒன்றை முயன்று பார்ப்பது. ‘கீப் யுவர் ஹேண்ட் இன்’ என்றால் கற்ற திறமை மழுங்காதபடி இடையிடையே பழகிக்கொண்டிருப்பது.

‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்பதற்குத் தனி எச்சரிக்கை தேவை. அதற்கு மறுபுறம் என்று பொருள். முதலில் சொன்னதற்கு மாறான ஒன்றைச் சொல்லும்போது மட்டுமே அதை எழுத வேண்டும். மேலும் ஒரு காரணத்தைச் சேர்ப்பதற்காக அதை எழுதும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம். ‘ஆன் தி ஒன் ஹேண்ட்’ என்று முதலில் சொல்லாமல் இதை மட்டும் எழுதினாலும் தவறில்லை. ஆனால் முன்னதைச் சொல்லிவிட்டுப் பின்னதைச் சொல்லாமல் விட்டால் வாக்கியம் ஒற்றைக்காலில் நிற்கும்.

ஐந்தாம் படி: தமிழ் வழக்கோடு ஒப்பிடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

தமிழில் கையை வைத்துப் பேசும் தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. இது பெரிய உதவி, பெரிய பொறியும்கூட.

சில இடங்களில் இரு மொழிகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. வீடு கைமாறியது என்பது அப்படியே ‘சேஞ்ச் ஹேண்ட்ஸ்’. ஒரு தரப்பின் கை ஓங்கியது என்பது ‘அப்பர் ஹேண்ட்’. ஒருவரின் வலது கை ஆங்கிலத்திலும் வலது கைதான். கையும் ஆளும் சேர்ந்து கையாள் என்ற வினை பிறந்தது போலவே, ‘ஹேண்ட்’டிலிருந்து ‘ஹேண்டில்’ வந்தது. கைகழுவிவிட்டான் என்பதற்கு ‘வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்’ நேர் இணை. ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் விவிலியக் காட்சி ஒன்று இருக்கிறது. இயேசுவின் மரண தண்டனையில் தனக்குப் பொறுப்பில்லை என்று காட்ட, ஆளுநன் பிலாத்து மக்கள் முன்னிலையில் தண்ணீர் எடுத்துக் கை கழுவியதாக மத்தேயு நற்செய்தி சொல்கிறது.

அடுத்த வகை, பாதி ஒத்துப் பாதி விலகுபவை. கையெழுத்து என்ற சொல்லால் எழுத்தின் வடிவத்தையும், ஆவணத்தின் அடியில் இடும் ஒப்பத்தையும் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் முன்னது ‘ஹேண்ட்ரைட்டிங்’, பின்னது ‘சிக்னேச்சர்’. படிவத்தில் ‘ஹேண்ட்ரைட்டிங்’ போடுங்கள் என்று கேட்டால் யாருக்கும் புரியாது. கைகொடுத்தான் என்றால் நமக்கு உதவினான் என்றும் ஆகும், கை குலுக்கினான் என்றும் ஆகும். ஆங்கிலத்தில் கை குலுக்குவதற்கு ‘ஷேக்’ வேண்டும். ஒன்றை முழுமையாக அறிந்திருப்பதைச் சொல்ல ஆங்கிலேயர் ‘லைக் தி பேக் ஆஃப் மை ஹேண்ட்’ என்று புறங்கையைக் காட்டுகிறார்கள். நமக்கோ உள்ளங்கை நெல்லிக்கனி. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பயன்பாடு வேறு. நெல்லிக்கனி, ஒரு செய்தி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக விளங்குவதைச் சொல்கிறது. புறங்கை, நெடுநாள் பழக்கத்தால் ஓர் இடத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்திருப்பதைச் சொல்கிறது. உண்மை வெட்டவெளிச்சமாகிவிட்டது என்று சொல்ல ஆங்கிலத்தில் புறங்கை உதவாது.

முழுமையாக ஏமாற்றுபவை மூன்றாம் வகை. ஒரு முயற்சியில் நஷ்டம் வந்தால் கையைக் கடித்துவிட்டது என்கிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், ‘பைட் தி ஹேண்ட் தட் ஃபீட்ஸ் யூ’ என்ற தொடரின் சாயல் வந்துவிடும். அதற்கோ உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்று பொருள். பணம் கொஞ்சம் கூடுதலாகச் செலவானதைச் சொல்லப்போய், நன்றி கெட்டவர் யார் என்று கேட்பவர் தேட நேரும். அவனுக்குக் கை நீளம் என்றால் நமக்குத் திருட்டுப் பழக்கம். ஆங்கிலத்தில் நீளமாக இருப்பது சட்டத்தின் ‘ஆர்ம்’; குற்றவாளி எங்கே போனாலும் அது எட்டிப் பிடிக்கும். திருடனுக்கு ஆங்கிலத்தில் இருப்பது எடையில்லாத விரல். அவனை ‘லைட்-ஃபிங்கர்ட்’ என்பார்கள். கைகட்டி நிற்பது என்றால் நமக்குப் பணிவும் ஆகும், செயலற்று வேடிக்கை பார்ப்பதும் ஆகும். ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்’ என்றால் உதவ மனமிருந்தும் விதிமுறை தடுக்கிறது என்று பொருள். வேடிக்கை பார்ப்பதற்கு அவர்கள் கையின் மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள்: ‘சிட் ஆன் யுவர் ஹேண்ட்ஸ்’.

தமிழுக்கு மட்டுமே உரியவை சில உண்டு. கைமாற்று, கைராசி, கைவந்த கலை ஆகியவற்றை ‘ஹேண்ட்’ போட்டு மொழிபெயர்க்க முயலாதீர்கள். கருத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆறாம் படி: ‘ஹேண்டட்’ என்று முடியும் பெயரடைகள்

ஓர் அடைமொழியோடு ‘ஹேண்டட்’ சேரும் சொற்கள் பெரும்பாலும் குணத்தையோ நிலையையோ சொல்லும். ‘எம்ப்டி-ஹேண்டட்’ வெறுங்கையோடு, ‘சிங்கிள்-ஹேண்டட்’ பிறர் துணையின்றித் தனியாக, ‘ஈவன்-ஹேண்டட்’ நடுநிலையான, ‘ஓப்பன்-ஹேண்டட்’ தாராளமான, ‘ஹை-ஹேண்டட்’ எதேச்சாதிகாரமான, ‘ஹெவி-ஹேண்டட்’ அளவுக்கு மீறிக் கடுமையான. ‘ஷார்ட்-ஹேண்டட்’ என்றால் ஆள் பற்றாக்குறை. அதை ‘ஷார்ட்ஹேண்ட்’ என்ற சுருக்கெழுத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பேக்ஹேண்டட் காம்ப்ளிமெண்ட்’ என்பது பாராட்டுவதுபோல் குத்துவது. பிரிட்டனில் ‘பேக்ஹேண்டர்’ என்று பேச்சுவழக்கில் சொன்னால் கையூட்டு.

ஏழாம் படி: சொல்லின் பிறப்பைத் தேவையான இடத்தில் மட்டும் தேடுங்கள்

தொடரின் கதை தெரிந்தால் பொருள் மறக்காது. கையும் களவுமாகப் பிடிபடுவதைச் சொல்லும் ‘ரெட்-ஹேண்டட்’, இரத்தக்கறை படிந்த கையோடு பிடிபட்ட குற்றவாளியைக் குறித்தது. ஸ்காட்லாந்தின் 15ஆம் நூற்றாண்டுச் சட்டங்களிலேயே ‘சிவந்த கை’ என்ற வழக்கு காணப்படுகிறது. எளிதாக வெல்வதைச் சொல்லும் ‘ஹேண்ட்ஸ் டவுன்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. வெற்றி உறுதியென்று தெரிந்ததும் குதிரையோட்டி கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்திவிடுவார்.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது மத்தேயு நற்செய்தியில் ஓசையின்றிக் கொடை செய்யச் சொல்லும் அறிவுரை. இன்றைய ஆங்கிலத்தில் அதே படிமம் பெரும்பாலும் கேலியாக வருகிறது: ஒரே நிறுவனத்தின் ஒரு பிரிவு செய்வது மற்றப் பிரிவுக்குத் தெரியாத குளறுபடியைச் சொல்ல அதை எடுத்தாளுகிறார்கள். நீங்கள் பாராட்டாக எழுதினால் அது வசையாகப் படிக்கப்படலாம்.

பொய்க் கதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். ‘ஹேண்டிகேப்’ என்ற சொல், ஊனமுற்றோர் தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டதிலிருந்து வந்தது என்று பலர் பரப்புகிறார்கள். அது உண்மையன்று. ‘தொப்பிக்குள் கை’ என்ற பெயரில் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொருள்களை மாற்றிக்கொள்ளும் விளையாட்டு ஒன்று இருந்தது. இரு பொருள்களின் மதிப்பிலுள்ள வேறுபாட்டை ஒரு நடுவர் தீர்மானிப்பார். அங்கிருந்து குதிரைகளின் பலத்தைச் சமன்படுத்தும் பந்தய முறைக்கும், பின்னர் குறைபாடு என்ற பொருளுக்கும் அது நகர்ந்தது. இன்று மனிதர்களைக் குறிக்க அந்தச் சொல்லைத் தவிர்ப்பதே நாகரிகம்.

எட்டாம் படி: ஒலியும் பயிற்சியும்

தமிழ் எழுத்தில் ‘ஹேண்ட்’ என்று எழுதினாலும், முதல் உயிர் ஏகாரம் அன்று; வாயை இன்னும் அகலத் திறக்க வேண்டும். கடைசி ஒலி ‘வண்டி’ என்பதில் வரும் ஒலிபோல மென்மையாக ஒலிக்கட்டும். ‘பட்டு’ என்பதில் வருவதுபோல் வல்லொலியாகிவிடக் கூடாது. ‘ஹேண்ட்சம்’ என்பதில் நடு மெய் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. கைக்குட்டையைக் குறிக்கும் சொல்லிலும் அது மறைந்து ‘ஹேங்கர்ச்சிஃப்’ போல ஒலிக்கிறது. அந்தச் சொல்லின் பின்பாதிக்குத் தலையை மூடும் துணி என்பதே மூலப் பொருள். ஆகக் கைக்குட்டைக்குள் கையும் தலையும் சேர்ந்தே இருக்கின்றன.

குறிப்பேட்டில் தொடரை மட்டும் எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். இன்று ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ எழுதினால், பக்கத்திலேயே ‘அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்’ வாக்கியத்தையும் எழுதி இணையாக வையுங்கள். நாளொன்றுக்கு ஓர் இணை போதும். பழமொழிகளையும் பழைய நடையையும் கடைசிக்குத் தள்ளி, வேலையிடத்து மின்னஞ்சலிலும் செய்தியிலும் கண்ணில் படுபவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது புரிந்துகொள்வதற்கும் நீங்களே எழுதுவதற்கும் இடையில் அவகாசம் கொடுங்கள். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு இடங்களில் பார்த்த பிறகே நான் அதை எழுதத் துணிவது வழக்கம்.

தொடங்குவதற்கு ஒரு வாக்கியம் தருகிறேன். விடுப்பில் செல்லும் அலுவலர் ஒருவர் இப்படி எழுதுகிறார்: ‘எவ்ரிதிங் இஸ் இன் ஹேண்ட், ரவி வில் பி ஆன் ஹேண்ட் டில் ஃப்ரைடே, ஆஃப்டர் தட், இட் இஸ் இன் யுவர் ஹேண்ட்ஸ்.’ அதாவது எல்லா வேலையும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை கேட்டால் உதவ ரவி அருகில் இருப்பார், அதற்குப் பின் பொறுப்பு உங்களுடையது. மூன்று இடத்திலும் கை என்று மட்டும் படித்துவிட்டு, பிறகு முன்னால் நிற்கும் சொற்களோடு மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.